யாரென்று தெரியவில்லை

ஒதியம்பட்டு
12 மே 2024

அன்புள்ள அண்ணா,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உன் அம்மாவுக்கும் முழங்கால் வலி இப்போது தேவலை. நேற்று பெரியம்மா யார் துணையும் இல்லாமல் கடைத்தெருவரை நடந்துபோய் எண்ணெய் வாங்கி வந்தார். துலூஸில் நீயும் சரண்யா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் விட்டதா?

போனிலேயே கேட்கலாம்தான். பேசினால் அப்பா பாதியில் போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று ஆரம்பித்துவிடுவார். நான் கேட்க நினைத்தது அப்படியே நின்றுபோகும். அதனால் வழக்கம்போல் மெயில்.

ஒரு உதவி வேண்டும் அண்ணா. எங்கள் கம்பெனியில் வயல் மோட்டாருக்குப் பெட்டி செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்தே எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மோட்டார் ஓடும், நிற்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகவே மறுபடி ஓடும். வந்த மெசேஜைப் படிக்கும் புரோகிராம் நான் எழுதியது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரைப் பெட்டி வாங்க வைத்துவிட்டார்.

இப்போது சில பெட்டிகளில் யாரும் சொல்லாமலே மோட்டார் ஓடுகிறது. ஏதோ நீளமான மெசேஜ் ஒன்று வந்து, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்து மெமரியை அழிக்கிறது என்று நினைக்கிறேன். புரோகிராம் விழுந்து எழுந்திருக்கும்போது கரண்ட் இப்போதுதான் வந்தது என்று நம்பி மோட்டாரைப் போட்டுவிடுகிறது. எந்த இடத்தில் வழிகிறது என்றுதான் பிடிபடவில்லை.

எங்கள் சிப்புக்குச் சரியாக வேலை செய்யும் ஒரே டீபக்கர், அதாவது பிழை தேடும் கருவி, நீ எழுதியதுதான். ஆனால் மற்ற பெரிய கருவிகளில் இருக்கும் ஒரு வசதி அதில் இல்லை. அடுத்தடுத்த எந்த நான்கு எழுத்தும் இரண்டாம் முறை வராதபடி ஒரு நீள வரிசையை அவையே தயாரித்துக் கொடுக்கும். அதை மெசேஜாக அனுப்ப வேண்டும். புரோகிராம் விழுந்ததும் அதனிடம் சிக்கியிருக்கும் நான்கு எழுத்தைக் கொடுத்தால், வரிசையில் அது எத்தனையாவது இடம் என்று கருவி சொல்லிவிடும். உடைப்பு அங்கேதான். பேட்டர்ன் ஆஃப்செட் என்பார்கள். நான் கையால் எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது. அதை உன் கருவியில் சேர்த்துத் தருவாயா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
அபிதா


துலூஸ்
20 மே 2024

அன்புத் தங்கை அபிதாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா தனியாக நடந்தது தெரிந்து நிம்மதி. சித்தப்பா, சித்தியைக் கேட்டதாகச் சொல்.

ஒரு நல்ல சேதி. உன் அண்ணி முழுகாமல் இருக்கிறாள், மூன்றாம் மாதம். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அம்மாவிடமும் சித்தியிடமும் மட்டும் சொல். இங்கே ஆபீசில்கூட இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

நீ கேட்ட வசதி நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு மெயில் எழுதிக் கேட்டால் செய்ய முடியாது. கருவிக்கு வேண்டுகோள் பக்கம் ஒன்று இருக்கிறது. எந்த நாட்டுக்காரருக்கு எது வேண்டுமானாலும் அங்கேதான் எழுதுகிறார்கள், எல்லோரும் பார்த்துப் பேசித்தான் முடிவு. வீட்டு ஆள் என்று தனியாக வாங்கிச் செய்தால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள். நீயும் அந்தப் பக்கத்திலேயே எழுது.

இப்படிக்கு
அண்ணன் தமிழ்க்குமரன்


துலூஸ்
3 ஜூன் 2024

அபிதாவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறாய்? 'அன்புள்ள அண்ணா, தேர் நல்லபடியாக நடந்தது, அப்பாவுக்கு வடம் பிடித்துக் கை காய்த்துவிட்டது, அண்ணிக்கு வாந்தி நின்றதா, வடுமாங்காய் அனுப்பட்டுமா' என்று எழுதி, அதற்கும் கீழே, கடைசியில், பேட்டர்ன் ஆஃப்செட். அதுவும் மூன்று வரி.

தமிழில் எழுதினால் எனக்கு மட்டும்தான் புரியும் என்று நினைத்தாயா? ஒரு பட்டனைத் தட்டினால் அத்தனையும் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. நீ எழுதி அரை நாள் ஆவதற்குள் உலகத்தில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். என் ஆபீசில் மூன்று பேர் அந்தப் பக்கத்தைத் தினமும் பார்ப்பவர்கள். இப்போது யார் புரோகிராம் விழுந்தாலும் 'வாந்தி நின்றதா' என்று எழுதிச் சிரிக்கிறார்கள். அது அங்கே நிரந்தரமாகிவிட்டது. ஒரு ஜெர்மன்காரர் எல்லோர் முன்னாலும் 'இவரை உனக்குத் தெரியுமா' என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வேண்டுகோளையும் மூடிவிட்டேன்.

இனிமேல் எழுதுவதாக இருந்தால் ஆங்கிலத்தில் எழுது. விஷயத்தை மட்டும் எழுது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

தமிழ்க்குமரன்


ஒதியம்பட்டு
4 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். உங்களுக்கும் அண்ணிக்கும் என்னால் வந்த தலைகுனிவுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்ன ஏது என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அது பொதுப் பக்கம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மேலே உங்கள் பெயர் இருந்தது. எடுத்த எடுப்பில் 'எனக்கு இதைச் செய்து கொடு' என்று எழுதக் கை வரவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போனால் நன்றாயிருக்கிறீர்களா என்று கேட்காமல் அரிசி கடன் கேட்போமா? நாலு வரி நலம் விசாரித்தேன். தமிழ் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். அந்தப் பட்டனைப் பற்றி நினைக்கவே இல்லை. கம்ப்யூட்டர் படித்தவள் என்று வெளியில் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

அண்ணியின் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. என் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெரியம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு
அபிதா


ஒதியம்பட்டு
28 ஜூன் 2024

மதிப்பிற்குரிய கருவிப் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கூறியபடியே வேண்டுகோளை ஆங்கிலத்தில், விஷயத்தை மட்டும் எழுதிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவில்லை. கம்பெனியின் பொதுக் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறேன். அதனால் தங்களுக்குச் சங்கடம் எதுவும் வராது.

சுருக்கம்: திரும்ப வராத எழுத்து வரிசையைத் தயாரிக்க ஒரு கட்டளை வேண்டும். புரோகிராம் விழுந்த இடத்தில் கிடைத்த நான்கு எழுத்தைக் கொடுத்தால் வரிசையில் அதன் இடத்தைச் சொல்ல இன்னொரு கட்டளை வேண்டும். எங்கள் சிப் எழுத்துகளைத் தலைகீழாக வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு திசையிலும் தேட வேண்டும். காரணம்: ஆளில்லாத நேரத்தில் மோட்டார்கள் ஓடுகின்றன. இந்த வாரம் மட்டும் இரண்டு புகார் வந்திருக்கின்றன.

இங்கே அனைவரும் நலம். தங்கள் இல்லத்தாரின் நலம் விசாரிப்பது வேண்டுகோளில் சேராது என்பதால் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு
தங்கள் கருவியைப் பயன்படுத்தும்
சு. அபிதா


துலூஸ்
19 ஜூலை 2024

அன்புள்ள அபிதாவுக்கு,

சுகம். உன் அண்ணிக்கு இப்போது சாப்பாடு தங்குகிறது. நீ கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

என்ன இது, 'தாங்கள்', 'மதிப்பிற்குரிய' என்றெல்லாம்? தாலுக்கா ஆபீசுக்கு மனு கொடுக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், அவ்வளவுதான். விளையாட்டாகவே எடுத்துக்கொள்.

வேண்டுகோளைப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் இப்போதைக்கு எடுக்க முடியாது. கையில் நிறைய வேலை இருக்கிறது. மற்றவர்களும் இது அவசரமில்லை என்கிறார்கள். வருஷக் கடைசியில் பார்ப்போம்.

இன்னொன்று கேட்க நினைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து உனக்கு ஏதாவது மெயில் வந்ததா? ஜூன் தொடக்கத்தில்? சும்மாதான் கேட்கிறேன்.

சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
குமரன்


ஒதியம்பட்டு
4 ஆகஸ்ட் 2024

அண்ணா,

வீட்டில் எல்லோரும் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

மெயில் எதையும் நான் பார்க்கவில்லை. அங்கிருந்து வருவதெல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போய்விடுகிறது போலும்.

நேற்று ராமுவுக்கு ஷாக் அடித்துவிட்டது. உங்களுக்கு ராமுவைத் தெரியும், நம் தெருவுக்குப் பின் தெருவில் இருக்கும் வயர்மேன். கலியன் மாமா கரும்புக் கொல்லையில் மோட்டார் கேபிளில் ஜாயின்ட் விட்டுப்போயிருந்தது. மெயினை இறக்காமல், மெசேஜ் அனுப்பி மோட்டாரை நிறுத்திவிட்டு ராமு வேலை செய்திருக்கிறார். பெட்டி வந்ததிலிருந்து ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாதி வேலையில் மோட்டார் தானாக ஓடிவிட்டது. தூக்கி வரப்பில் எறிந்திருக்கிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு விரல் கருகிவிட்டது, மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வயர்மேனுக்கு விரல் மடங்காவிட்டால் என்ன இருக்கிறது?

சத்தம் கேட்டு நானும் கொல்லைக்கு ஓடினேன். ராமுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி அம்சவள்ளி அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். கலியன் மாமா என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா அபிதா, இது உங்க கம்பெனி பொட்டிதான? நீதான இதுல வேல செய்றன்னு உங்க அப்பா சொல்லிக்கினு இருந்தாரு?"

"நான் வேற செக்‌ஷன் மாமா" என்றேன்.

கம்பெனியில் மொத்தமே எட்டுப் பேர்.

முதலாளியிடம் சொன்னேன். "மெயின எறக்காதது அவன் தப்பு. நீ எங்கயும் வாய தொறக்காத" என்றார். திறக்கவில்லை. பெட்டிகள் அப்படியே வயல்களில் இருக்கின்றன. எல்லோரையும் சிம்மைக் கழற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால் நான்தான் அதை எழுதினேன் என்று சொல்ல வேண்டும். உடைப்பு எங்கே என்று தெரிந்தால் திருத்தி, ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வருஷக் கடைசிவரை தாங்காது அண்ணா. கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அபிதா


துலூஸ்
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அபிதா,

உன் மெயில் பார்த்தேன். ராமுவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவிடம் போன் செய்து கேட்டேன், அவளுக்கும் முழு விவரம் தெரியவில்லை.

நேற்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். இரண்டு வாரத்தில் உன் கைக்கு வரும். நீ சாப்பிடு, தூங்கு. சித்தி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அண்ணன்


துலூஸ்
23 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை அபிதாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். குழந்தை உதைக்கிறதாம். உன் அண்ணி என் கையை எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னாள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நீ கேட்டது தயார். சோதனைப் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு கட்டளை வரிசையைத் தரும், இன்னொன்று இடத்தைச் சொல்லும். நீ சொன்னபடி இரண்டு திசையிலும் தேடும்.

இதைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? நான்கு நாள். மிச்ச நாளெல்லாம் சரிபார்க்கத்தான் ஆனது. ஜூலையில் 'நிறைய வேலை' என்று எழுதினேனே, அது பொய். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்தால் மறுபடி அந்தச் சிரிப்பு கிளம்பும் என்று பயந்தேன். பேர் போடாமல் நீ அனுப்பியதைக்கூட, யாராவது முடிச்சுப் போட்டுவிடுவார்களோ என்று ஓரமாகத் தள்ளினேன். அப்போதே செய்திருந்தால் ராமுவின் விரல் தப்பியிருக்கும். இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் உன்னிடம் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஜெர்மன்காரர் கேட்டபோது நான் சமாளித்தேன் என்றேனே. 'யாரென்று தெரியவில்லை, முகவரி மாறி வந்திருக்கலாம்' என்று எழுதினேன். மறுநாளே அந்த வரியை அழித்துவிட்டேன். ஆனால் அங்கே எழுதுவதெல்லாம் வேண்டுகோள் வைத்தவருக்கு உடனே மெயிலாகப் போகும். அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான். நீ எதையும் பார்க்கவில்லை என்று எழுதினாய். நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

சரண்யாவிடம் நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வேண்டுகோளைப் படித்துவிட்டுச் சிரித்தாள். என் பதிலைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பாகூர்க்காரி, விடுவாளா? "என் ஒடம்பு எப்டி கீதுன்னு கேட்டு ஒரு பொண்ணு எழுதிக்கீது. அதப் போயி யாருன்னே தெர்லன்னு சொல்லிக்கீறியே, உனக்கு எப்டி மனசு வந்துச்சி?" என்றாள். ராத்திரி நானேதான் சோறு போட்டுக்கொண்டேன். இன்று காலையில்தான் காபி கொடுத்தாள்.

புதிய வெளியீட்டில் ஒவ்வொரு வசதிக்கும் பக்கத்தில் அதைக் கேட்டவர் பெயரைப் போடுவது வழக்கம். உன் பெயரைப் போடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணன்
குமரன்


துலூஸ்
29 செப்டம்பர் 2024

அபிதா,

நலமா? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. சோதனைப் பிரதி வேலை செய்ததா என்றும் தெரியவில்லை.

நேற்று சித்தப்பாவோடு பேசினேன். "நல்லாத்தான் கீறா. ஆனா பஸ்சுக்கு ராமு வூட்டுத் தெருவுல போறதில்ல. கொல்லப் பக்கமா சுத்திக்கினு போறா. மழ பெஞ்ச சேத்துல எதுக்கு அப்டிப் போறாளோ" என்றார். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. நானும் இங்கே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். ஆபீசில் அந்த மூன்று பேர் உட்காரும் பக்கம் போகாமல், இன்னொரு மாடி ஏறிப் போய்க் காபி குடித்தேன்.

என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே. வெளியீடு பத்தாம் தேதி. பெயர் போடும் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஒதியம்பட்டு
6 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அண்ணியும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமா? எட்டாம் மாதம் இல்லையா, அண்ணியை இடது பக்கமாகப் படுக்கச் சொல்லச் சொன்னார் பெரியம்மா.

உன் கருவி வேலை செய்தது. வந்த அன்றே செய்தது. வரிசையை மெசேஜாக அனுப்பினேன், பெட்டி விழுந்தது, சிக்கிய நான்கு எழுத்தைக் கொடுத்தேன், நூற்று எழுபத்திரண்டு என்று பதில் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள். நான் மாதக்கணக்கில் தேடியது. அந்த இடம் யார் எழுதிய வரிக்குக் கீழே இருக்கிறது என்று தேடிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நான் எழுதிய வரிதான். ஆங்கில மெசேஜுக்கு அளந்து நூற்று அறுபது எழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். தமிழில் ஒரு மெசேஜ் வந்தால் பெட்டிக்குள் ஒவ்வொரு எழுத்தும் நான்கு இடம் பிடிக்கும். மோட்டாருக்குத் தமிழில் யார் எழுதப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். சிம் விற்றவன் ரீசார்ஜ் விளம்பரத்தைத் தமிழில் அனுப்புவான் என்று தோன்றவில்லை. அவன் விளம்பரம் வரும்போதெல்லாம் மோட்டார் ஓடியிருக்கிறது.

சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் வயலில் இருக்கும் பெட்டிகளை மாற்ற முதலாளி சம்மதிக்கவில்லை. மாற்றினால் தப்பை ஒப்புக்கொண்டது போலாகும் என்றார். நானும் அவரைக் காரணம் காட்டி ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். எத்தனை பேர் அந்த மோட்டார்களில் கை வைத்திருப்பார்கள். உனக்குப் பதில் எழுத உட்காருவேன். 'நலம்' என்று எழுதியதற்குமேல் கை நகராது. உன் மெயில் வந்த மறுநாள்தான் அந்தத் தெருவில் போனேன்.

ராமு வாசலில் உட்கார்ந்து இடது கையால் ஒரு வயரைச் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அம்சவள்ளி அக்கா உள்ளே போய்விட்டார். நான் படியிலேயே நின்று சொன்னேன். "அந்தப் பொட்டியில மெசேஜ் படிக்கிறது நான் எழுதுனது. தப்பு என்னோடது. வேற செக்‌ஷன்னு சொன்னது பொய்." இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லத்தான் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

உள்ளேயிருந்து அக்கா வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அப்படித் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அன்னிக்கே தெரியும்டி. உங்கப்பா ஊரெல்லாம் சொன்னாரே, எங்ககிட்ட மட்டும் சொல்லாமயா இருந்தாரு? நீ கொல்லப் பக்கமா சுத்திக்கினு போறத தெனமும் பாத்துக்கினுதான் இருந்தோம். எப்பனா எதுர்ல வந்துட்டா, நாங்கதான் வூட்டுக்குள்ள பூந்துக்குவோம். மொகத்தப் பாத்தா வாய் உட்டுக் கேட்டுருவோமோன்னு. பெத்த பொண்ணு மாதிரி, உன்ன எப்டிக் கேக்கறது?"

அண்ணா, அவர்கள் கை போனவர்கள். வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டதும் அவர்கள்தான். நான் தெருவில் நின்று அழுதேன். யார் பார்த்தார்கள் என்று கவலைப்படவில்லை.

ராமு வயரைக் கீழே வைத்துவிட்டு, "எந்தெந்தக் கொல்லையில பொட்டி மாட்டுனேன்னு எனக்குத்தான் தெரியும், வா" என்று எழுந்தார். இரண்டு நாள் இரண்டு பேருமாகப் போனோம். ஒவ்வொரு கொல்லையிலும் அவர் மெயினை இறக்கச் சொல்வார், நான் சிம்மைக் கழற்றுவேன், ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சிலர் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். கலியன் மாமா மட்டும் நான் சொல்லி முடிக்கும்வரை கரும்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேற்று முதலாளி என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அப்பாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். சாப்பிட்ட தட்டை எடுக்காமல் எழுந்து போனார், மத்தியானம்தான் திரும்பி வந்து ராமுவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

இப்போது உனக்கு. அந்த வரியை நீ எழுதிய அன்றே எனக்கு மெயில் வந்துவிட்டது. படித்தேன். ஜூன் மூன்றாம் தேதி நீ எழுதிய மெயிலைப் படிக்கும்போதே எனக்குத் தெரியும். பார்க்கவில்லை என்று எழுதியது பொய். கேட்டுவிட்டால் நீ எனக்கு அண்ணனாக இல்லாமல் போய்விடுவாயோ என்று பயமாக இருந்தது. அதனால் 'நீங்கள்', 'தாங்கள்' என்று எழுதி உள்ளே பூந்துகொண்டேன். உனக்கு வலிக்கட்டும் என்றும் எழுதினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கலியன் மாமா கேட்டபோது என் வாயில் வந்ததும் உன் பதில்தான். நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெயரைப் போடு. சு. அபிதா, ஒதியம்பட்டு என்று ஊரோடு போடு. இவரை உனக்குத் தெரியுமா என்று அந்த ஜெர்மன்காரர் மறுபடி கேட்டால், என் தங்கை என்று எழுது. கசின் என்று எழுதாதே.

அண்ணியின் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
அபிதா